ரைஸ் குக்கருக்கு ஒரே ஒரு ‘டக்’குதான் தெரியும்

“ரைஸ் குக்கரில் ராகிக்கூழ்! ஒரே பட்டன்! கிண்டவே வேண்டாம்!”

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல இந்த வீடியோ சுத்திச் சுத்தி வருது. முதல்ல அண்ணி போட்டாங்க. அப்புறம் சித்தப்பா மகன். நேத்து என் சொந்தத் தங்கச்சி, அதுவும் “அக்கா, உனக்குத்தான்”னு ஒரு சிரிப்புப் பொம்மையோட.

வீடியோவுல ஒரு அம்மா மாவைக் கொட்டுறாங்க. தண்ணி ஊத்துறாங்க. பட்டனை அமுக்குறாங்க. அடுத்த காட்சியில மூடியத் திறந்தா கூழ் பளபளன்னு இருக்கு. நடுவுல என்ன நடந்துச்சுன்னு மட்டும் காட்டல.

(நடுவுல அடுப்புல வேற சட்டி வச்சுக் கிண்டியிருப்பாங்க. கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்றேன்.)

எனக்கு ஏன் இவ்ளோ எரிச்சல்னா, சிரம்பான்ல என் அடுப்படியில இருக்கற ஒத்தை சுவிட்ச் ரைஸ் குக்கர்ல அரிசியத் தவிர மத்த எல்லாத்தையும் போட்டுப் பாக்கறதே என் பொழுதுபோக்கு. தினை, சாமை, கம்பு, பார்லி, புளூட் ஹீத்தாம், பச்சைப்பயிறு, ஓட்ஸ்னு ஒண்ணு விடல. மருமகள் வீட்டுல பன்னெண்டு பட்டன் வச்ச குக்கர் இருக்கு. “கஞ்சி”க்கு ஒரு பட்டன், “தானியம்”னு ஒரு பட்டன், கேக் சுடறதுக்குக்கூட ஒரு பட்டன். அது பாட்டுப் பாடி முடிக்கும். எனக்கு என்னோட பழசுதான் சரி.

ஏன்னு சொல்றேன். கொஞ்சம் சுத்தி வளைச்சுத்தான் சொல்வேன், அவசரம்னா கீழ போய் கூழ் பகுதியப் படிச்சுக்கோங்க.

முதல்ல குக்கர் எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துடுவோம்.

உள்பானைய வெளிய எடுத்துட்டு உள்ள பாருங்க. வட்டமா ஒரு சூட்டுத் தட்டு. அதுக்கு நடுவுல அம்பது காசை விடக் கொஞ்சம் பெரிய ஒரு குமிழ். விரலால அமுக்குனா ஸ்பிரிங்ல உள்ள போய் வெளிய வரும். குக்கரோட மூளை அதுதான். அதுக்குள்ள ஒரு காந்தம் இருக்கு. நீங்க சுவிட்சைத் தட்டினதும் காந்தம் மேல இருக்கற உலோகத்துல போய் ஒட்டிக்கும், தட்டு சூடேற ஆரம்பிக்கும். பானையில தண்ணி இருக்கற வரைக்கும் அடிச்சூடு 100 டிகிரிய ஒட்டியேதான் நிக்கும், ஏன்னா தண்ணி கொதிக்கற சூடு அவ்ளோதான். தண்ணிய அரிசி குடிச்சு, மிச்சம் ஆவியாப் போனதும், சூடு விறுவிறுன்னு ஏறும். 100-ஐக் கொஞ்சம் தாண்டினதுமே அந்த உலோகம் காந்தத்துக்குப் பிடி கொடுக்காது. ஸ்பிரிங் இழுத்துடும்.

டக்.

சமைக்கற விளக்கு அணையும், சூடா வச்சிருக்கற விளக்கு எரியும்.

அவ்ளோதாங்க. அதுக்கு அரிசின்னா என்னன்னு தெரியாது. நேரம் தெரியாது. வெந்துச்சா வேகலையான்னும் தெரியாது. அடியில தண்ணி இருக்கா, இல்லையா? இந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் அதுகிட்ட பதில் இருக்கு.

இத மனசுல வச்சுக்கிட்டு யோசிச்சா ரெண்டு விஷயம் புரியும். கஞ்சி தண்ணியா இருந்தா இந்தக் குக்கர் தானா நிக்கவே நிக்காது, வத்திப் போற வரைக்கும் கொதிச்சுக்கிட்டே இருக்கும். கூழ் மாதிரி கெட்டியா இருந்தா தலைகீழ். மேல பச்சை மாவு வாடை அடிக்கும்போதே அடியில காஞ்சு போய் ‘டக்’குன்னு நின்னுடும். தண்ணி மாதிரி கூழு மேலயும் கீழயும் ஓடாது இல்லியா, அடியில உக்காந்த மாவு அங்கயே கிடந்து காந்தும்.

சோறுங்கறது இது ரெண்டுக்கும் நடுவுல சரியா உக்காந்திருக்கற ஒரு பண்டம். அதுக்குன்னே செஞ்ச கருவி.

செஞ்சவங்க கதையும் நல்ல கதை. ஜப்பான்ல தோஷிபா கம்பெனிக்குத் தண்ணி சூடாக்கற கருவி செஞ்சு கொடுத்துக்கிட்டு இருந்தவர் மினாமி யோஷிதாடா. கம்பெனி அவர்கிட்ட மின்சாரத்துல சோறாக்கற பானை கேட்டுச்சு. அவருக்குச் சோறாக்கத் தெரியாது. அவர் மனைவி ஃபுமிகோவுக்குத் தெரியும். அந்தம்மாதான் வருஷக்கணக்குல நாள் முழுக்கச் சோறாக்கி, வெயில், குளிர் எல்லாத்துலயும் வச்சுப் பாத்து, கணக்கு எழுதி வச்சாங்க. 1955 டிசம்பர்ல கடைக்கு வந்துச்சு. அந்த முதல் குக்கர்ல ஒரு தந்திரம்: பானைக்குள்ள பானை. வெளிப்பானையில ஒரு கப் தண்ணி. அது ஆவியாகி முடிய இருபது நிமிஷம் போல ஆகும், முடிஞ்சதும் சூடு ஏறி சுவிட்ச் விழும். தண்ணியே கடிகாரம்! இத ஞாபகம் வச்சுக்கோங்க, கூழுக்கு வேணும்.

சரி, எங்க கதைக்கு வர்றேன்.

நான் பொறந்து வளந்தது ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். (இப்ப அங்க ரப்பர் ஒரு மரம்கூட இல்ல, எல்லாம் செம்பனை. நீலாய், செண்டாயான், சிரம்பான் 2 பக்கம் போனா செம்பனைகூட இல்ல, வீட்டுமனைதான்.) அப்பா அம்மா ரெண்டு பேருமே பால்வெட்டு. விடியறதுக்கு முன்னாடி பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிக்கணும், அதனால அடுப்பு எரியறது நாலு மணிக்கே. அந்த நேரத்துல யாரும் இட்லி சுட மாட்டாங்க. முந்தின ராத்திரி சோத்துல ஊத்தின தண்ணி, ஒரு வெங்காயம், நெத்திலிக் கருவாடு. மழைநாள்னா சுடுகஞ்சி. தூக்குச்சட்டியில அதுல பாதி மலைக்காட்டுக்குப் போகும், பத்து மணிக்குப் பசியாற.

கரண்டு? எஞ்சின் கொட்டகையில இருந்து சாயங்காலம் விளக்கு வைக்கற நேரத்துக்கு வரும், ராத்திரி பத்துக்குப் போயிடும். விடியக்காலையில சமைக்கறவளுக்கு அந்தக் கரண்டால ஒரு புண்ணியமும் இல்ல. அதனால முழுநேரக் கரண்டு லயத்துக்கு வந்தப்புறம்தான் ரைஸ் குக்கர் வந்துச்சு. அம்மா கூட்டுக்காசு எடுத்துத் தவுக்கே கடையில வாங்கினாங்க. அம்மா அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சாங்க. முதல் சோத்தை ஆத்தா கோயிலுக்குக் கொடுத்து விட்டாங்க. நாலு மணிக்கு எழுந்து ஊதாங்குழல் ஊதுற வேலை போச்சுல்ல, சந்தனம் வைக்காம என்ன பண்ணுவாங்க!

ஆனா அம்மா அதுல கடைசிவரை சோறு மட்டும்தான் ஆக்கினாங்க. “அது அரிசிப் பானைடி.” அவ்ளோதான் பேச்சு.

மத்த தானியம் எங்க வீட்டுல பெருசா மதிக்கப்பட்டதும் இல்ல. அதுக்குக் காரணம் இருக்கு. அந்தக் காலத்துல இந்த நாட்டுத் தோட்டங்களுக்கு அரிசி பர்மாவுலயும் சயாமுலயும் இருந்துதான் வரும். 1919-ல அது வராம ஒரு பெரிய தட்டுப்பாடு. அப்புறம் 1942-ல இருந்து 1945 வரைக்கும் சப்பான்காரன் காலம். அரிசி போச்சு. மரவள்ளிக்கிழங்கு, சக்கரவள்ளி, ராகின்னு தோட்டத்துலயே போட்டுத் தின்னாங்க. ஆம்பளைங்கள சயாம் ரயில் ரோட்டுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்க, நிறையப் பேர் திரும்பல. எங்க அப்பாயி அந்தக் காலத்தத் தாண்டி வந்தவங்க. மரவள்ளிக்கிழங்கு வாடை வந்தாலே எழுந்து வெளிய போயிடுவாங்க. ராகிக்களியா? “சொல்லாத”ன்னுடுவாங்க. ஆனா ஆடி மாசம் தோட்டத்து மாரியம்மன் கோயில்ல ஊத்துற கூழ மட்டும் ரெண்டு கையாலயும் வாங்கிக் குடிப்பாங்க. அது ஆத்தாவோடது, கணக்குல வராது.

இப்ப அதே ராகி கண்ணாடிப் பாட்டில்ல, “சூப்பர் ஃபுட்”னு எழுதி, அரிசிய விட ரெண்டு மூணு மடங்கு விலையில. அப்பாயி இருந்திருந்தா பாட்டில் விலையப் பாத்து என்ன சொல்லியிருப்பாங்கன்னு இங்க எழுத முடியாது. குழந்தைங்களும் படிக்கறீங்க.

நான் இதுல இறங்கினது 2023-ல. ஞாபகம் இருக்கா? ஜூலை 20-ந்தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏத்துமதிய நிறுத்துச்சு. செப்டம்பர் 1-ல இருந்து இங்க இறக்குமதி அரிசி மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியில இருந்து 3,200-க்குப் போச்சு. எல்லாரும் உள்ளூர் அரிசிக்குப் பாய, கடையில அந்தத் தட்டு காலி. ஐநா சபை வேற அந்த வருஷத்தச் சிறுதானிய வருஷம்னு சொல்லியிருந்துச்சு. சரி, நேரம் கூடி வருதேன்னு சாமையில ஆரம்பிச்சேன்.

அளவு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு. குக்கரோட வர்ற அந்தப் பிளாஸ்டிக் கப்பு 180 மில்லி. சமையல் புத்தகத்துல சொல்ற கப்பு பெரும்பாலும் 250. தானியத்தை ஒண்ணுலயும் தண்ணிய இன்னொண்ணுலயும் அளந்தா விளங்காது. எந்தக் கப்பா இருந்தாலும் பரவால்ல, ரெண்டுக்கும் அதே கப்பு.

சாமை, தினை, குதிரைவாலி மூணும் நல்ல பிள்ளைங்க. ஒண்ணுக்கு ரெண்டரை தண்ணி, அரைமணி ஊறல், சுவிட்சைத் தட்டிட்டுத் துணி காயப் போடப் போகலாம். டக்குன்ன உடனே திறக்காதீங்க. பத்து நிமிஷம் மூடியே இருக்கட்டும், மேல இருக்கற மணியெல்லாம் அந்த ஆவியிலதான் வேகும். கழுவறதுதான் வேதனை. விரல் சந்துல போய் சிங்க்குல ஓடிடும். டீ வடிகட்டி போதாது, தேங்காப்பால் வடிகட்டுற பெரிய வலையில கழுவுங்க. வரகுக்குக் கால் கப் தண்ணி கூட.

கம்பு இவங்க கூட்டத்துல சேராது. அத முழுசா போட்டு, அரிசிக்கு ஊத்துற மாதிரி தண்ணி ஊத்தினா, குக்கர் தன் வேலைய ஒழுங்கா முடிச்சு டக்குன்னு சொல்லிடும், கம்பு பல்லுல மணல் கணக்கா கிடக்கும். தண்ணி தீந்துச்சு, அது சொல்லிடுச்சு. கம்பு வெந்துச்சான்னு நீங்க அதக் கேக்கல, அதுவும் சொல்லல! ராத்திரி முழுக்க ஊறவச்சு, தண்ணி வடிச்சு, மிக்ஸியில ரெண்டு சுத்து. பொடியாக்கக் கூடாது, மணி ரெண்டு மூணா உடைஞ்சாப் போதும். ஒண்ணுக்கு அஞ்சு தண்ணி. கம்பஞ்சோறு அந்தக் காலத்துல உரல்ல குத்தித்தானே ஆக்கினாங்க. எதுக்குன்னு இப்பத்தான் புரியுது.

நுரை. இதப் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். மாவுச்சத்து தண்ணியில கரைஞ்சு கொதிச்சா நுரை பொங்கும், மூடியில இருக்கற ஓட்டை வழியா வந்து, பக்கவாட்டுல வழிஞ்சு, அடுப்பு மேடையில இறங்கி, கீழ டிராயருக்குள்ள போயிடும். ஓட்ஸ்தான் இதுல பெரிய ரௌடி. பானையில மூணுல ஒரு பங்குக்கு மேல நிரப்பாதீங்க. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டா நுரை கொஞ்சம் அடங்கும். மூடிக்கும் பானைக்கும் நடுவுல ஒரு மரக்கரண்டி வச்சு லேசா திறந்து வைங்க.

இந்த மரக்கரண்டி விஷயத்தை நான் கத்துக்கிட்டது தோட்டத்துலதான், அதுவும் சமீபத்துல.

பெரியப்பா மகன் அண்ணன் இன்னும் தோட்டத்துலதான் இருக்காங்க. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தேன். பக்கத்து லயம் முழுக்க இப்ப பங்களாதேஷ், இந்தோனேசியப் பசங்க. குலை வெட்டிட்டு வந்த ஒரு பங்களாதேஷ் தம்பி வாசல்ல குத்துக்கால் போட்டு உக்காந்து குக்கர்ல ஏதோ பண்ணிக்கிட்டு இருந்தாரு. அரிசி, மைசூர் பருப்பு, மஞ்சள்தூள், ஒரு முழு வெங்காயம், தோலோட உருளைக்கிழங்கு, நல்லாத் தேச்சுக் கழுவின ரெண்டு முட்டை, எல்லாம் ஒரே பானையில. மூடி ஒரு பக்கமா தூக்கி, நடுவுல மரக்கரண்டி. “சுடா மக்கான், காக்?”னு (சாப்பிட்டாச்சா அக்கான்னு) கேட்டுக்கிட்டே ஒரு வேலை செஞ்சாரு பாருங்க: பானைய வைக்கறதுக்கு முன்னாடி அதோட வெளி அடிய லுங்கி முனையில துடைச்சாரு. அப்புறம் நடுக்குமிழ விரலால ஒரு தடவு. பானைய வச்சு வலது பக்கம் ஒரு திருப்பு, இடது பக்கம் ஒரு திருப்பு. அப்புறம்தான் சுவிட்ச்.

எனக்குச் சிலிர்த்துடுச்சு. ஏன்னா குமிழுக்கும் பானைக்கும் நடுவுல ஒரே ஒரு சோத்துப் பருக்கை மாட்டினாப் போதும், பானை ஒரு பக்கம் தூக்கிக்கும், சூடு சரியா சேராது, அந்தக் காந்தம் தப்புக்கணக்குப் போடும். பாதி வேக்காட்டுல நிக்கும், இல்ல கருகற வரைக்கும் நிக்காது. “குக்கர் கெட்டுப் போச்சு”ன்னு தூக்கிப் போடற பாதி குக்கர் கெட்டுப் போனதே இல்ல, பருக்கைதான். பன்னெண்டு பட்டன் குக்கரோட வந்த புத்தகத்தப் புரட்டிப் பாத்தேன். கேக் சுடறது மூணு பக்கம். துடைக்கறதுக்கு ஒரு வரி.

(இன்னொரு தம்பி சுவிட்ச் மேல எழும்பாம இருக்க ஸ்பூனைச் சொருகி வச்சிருந்தாரு. அதச் செய்யாதீங்க. அது சொல்ற ஒரே சொல்லையும் வாயப் பொத்திட்டா அப்புறம் எதுக்கு அது? பானை வத்திப்போய் தீப்பிடிச்சா லயம் முழுக்கப் போகும்.)

இப்ப கூழ்.

பிளேன் ராகிமாவைத் தண்ணியில கரைச்சு, பானையில ஊத்தி, சுவிட்சைத் தட்டுங்க, வீடியோவுல மாதிரியே. என்ன ஆகும்? மாவு அடியில இறங்கி அப்பளம் கணக்கா ஒட்டிக்கும். அடி காயும். டக். மேல தண்ணி, கீழ அடை. மறுபடி தட்டினா மறுபடி டக். குக்கர் பொய் சொல்லல, அடியில தண்ணி இல்லதானே?

என்னோட வழி இது. முந்தின நாள் ராத்திரி ஒரு கப் ராகிமாவை ரெண்டு கப் தண்ணியில கட்டியில்லாம கரைச்சு மூடி வச்சுடுவேன், நம்ம ஊர்ச் சூட்டுக்குக் காலையில லேசா புளிச்சிருக்கும். காலையில அரைக் கப் நொய்யக் கழுவி அஞ்சு கப் தண்ணியில குக்கர்ல போட்டுடணும். நொய் குழைஞ்சு கஞ்சி பதம் வர்ற வரைக்கும் குக்கர் தன்னால பாத்துக்கும், தண்ணி நிறைய இருக்கறதால நிக்காது. அதுக்கப்புறம் நீங்க நிக்கணும். கொதிக்கற கஞ்சியில புளிச்ச கரைசலக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கிண்டணும். மூடி வேண்டாம். மரத்துடுப்பு, அடியத் தொட்டு, ஓரத்த வழிச்சு. டக்குன்னு நின்னுட்டா பரவால்ல, அடிய நல்லாச் சுரண்டிக் கிளறிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி தட்டுங்க. விரல தண்ணியில நனைச்சுக் கூழத் தொட்டா ஒட்டக் கூடாது. ஒட்டினா இன்னும் வேகல. கோயில்ல அண்டாவுல காய்ச்சற பெரியம்மாங்க எல்லாரும் இதத்தான் பாப்பாங்க, கடிகாரத்தப் பாத்து நான் பாத்ததே இல்ல.

“அப்ப கிண்டத்தானே செய்யற, அடுப்புலயே கிண்டலாமே?”ன்னு தங்கச்சி கேப்பா. நியாயமான கேள்வி. நொய் வேகற நேரம் நான் அங்க நிக்கல, அது லாபம். ராகி கிண்டற நேரத்த யாராலயும் மிச்சப்படுத்த முடியாது. முடியும்னு சொல்றவங்க மேலதான் எனக்குக் கோவம்.

இல்ல, ஒரு வழி இருக்கு. ஃபுமிகோ அம்மாவோட பானைக்குள்ள பானை. குக்கர் பானையில ரெண்டு கப் தண்ணி ஊத்தி, உள்ள ஒரு சின்ன எவர்சில்வர் குண்டான்ல ராகிக் கரைசல வச்சு மூடிடுங்க. இப்ப குக்கர் பாக்கறது வெளித்தண்ணியத்தான். அது தீர்ற வரைக்கும் நிக்காது. கூழ் அடிபிடிக்க வழியே இல்ல, ஏன்னா அதச் சுத்தி 100 டிகிரிக்கு மேல போகாது. நடுவுல ரெண்டு தரம் திறந்து கலக்கணும், அவ்ளோதான். கைக்குழந்தைக்கு, வயசானவங்களுக்கு ஒரு டம்ளர் மட்டும் வேணும்னா இத விட நல்ல வழி கிடையாது. ஒரு வீட்டுக்கே காய்ச்சணும்னா பத்தாது. சவ்வரிசிக்கும் இதுவே வழி, அதுவும் அடியில போய் உக்கார்ற ஜாதி.

இந்த இடத்துல இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. “சக்கரை வியாதிக்கு ராகிக்கூழ் நல்லது”ன்னு எல்லாரும் சொல்றாங்க. நம்ம நாட்டுல 2019 சுகாதாரக் கணக்குப்படி பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டுப் பேருக்கு நீரிழிவு இருந்துச்சு, அதுல நம்ம இந்தியர்கள்தான் முன்னாடி நிக்கறோம். எங்க வீட்டுலயே மூணு பேர். மாவா அரைச்சு, குழையக் காய்ச்சி, நீராக் குடிச்சா எந்தத் தானியமும் வயித்துல சீக்கிரம் கரைஞ்சு சக்கரைய ஏத்தும். முழுமணியா மென்னு தின்னற சாமையும் டம்ளர்ல குடிக்கற கூழும் ஒண்ணு இல்ல. என் வீட்டுக்காரர் கூழ் குடிச்ச அன்னிக்கும் சாமைச்சோறு சாப்பிட்ட அன்னிக்கும் விரல்ல குத்திப் பாத்துட்டுத்தான் சொல்றேன். கூழ் குடிங்க, ருசிக்குக் குடிங்க. மருந்துன்னு சொல்லி ரெண்டு சொம்பு குடிக்காதீங்க.

பார்லி சொல்லிட்டேனா? இல்ல. ஒண்ணுக்கு மூணு தண்ணின்னா சாலட் பதம், ஒண்ணுக்கு எட்டுன்னா கஞ்சி, ஒரு ரம்பை இலை. முக்கால் மணி ஆகும். அதுல சொல்ல வேற ஒண்ணும் இல்ல, ரொம்பப் பொறுமையான தானியம்.

சூடா வைக்கற விளக்க நம்பி ராத்திரி கஞ்சிய காலை வரைக்கும் விடலாமான்னு கேக்கறவங்களுக்கு: விளக்கு எரியுதுன்னா 60 டிகிரிக்கு மேல இருக்கணும், தொட்டா கை சுடணும். சுட்டா சரி. கரண்ட நிறுத்திட்டு மூடி போட்டு அப்படியே விட்டா வேண்டாம். சோத்துல இருக்கற ஒரு கிருமியோட வித்து வெந்தாலும் சாகாது, வெதுவெதுப்புல முளைச்சு வரும், அது விடற நஞ்சு திரும்பச் சுட வச்சாலும் போகாது. பழைய சோறு வேற கதை, அது ஆறினதும் தண்ணி ஊத்திப் புளிக்க வைக்கறது. குக்கர்ல மறந்துட்டுப் போனது பழைய சோறு ஆகாது, மறந்துட்டுப் போனதுதான்.

கடைசியா புளூட் ஹீத்தாம். இது எங்க பக்கத்து வீட்டு மக்சிக் பாடம். கருப்புப் புளூட் அரிசிய ராத்திரி ஊறவைக்கணும், விடிஞ்சா தண்ணி ஊதாவா இருக்கும், அதக் கொட்டக் கூடாது. ஒண்ணுக்கு ஆறு தண்ணி, ரம்பை இலை முடிச்சு ஒண்ணு. ஒரு மணி நேரத்துக்கு மேல கொதிக்கட்டும், மணி வெடிச்சு உள்ள இருக்கற வெள்ளை தெரியணும். அதுக்கப்புறம்தான் குலா மலாக்கா. முன்னாடியே போட்டீங்கன்னா இனிப்பு அடியில இறங்கி, பாகாகி, காந்தி, குக்கர டக்குன்னு நிறுத்திடும். மணியும் வேகாது. பச்சைப்பயிறுக் கஞ்சிக்கும் இதே சட்டம், பயிறு குழைஞ்சப்புறம்தான் இனிப்பு.

சந்தான் (தேங்காப்பால்) எப்ப ஊத்தறதுங்கறதுல எனக்கும் மக்சிக்குக்கும் ஒத்து வராது. குக்கர்லயே ஊத்திக் கொதிக்க விட்டா திரிஞ்சு எண்ணெய் மிதக்குது, அதனால நான் தனியா உப்புப் போட்டுச் சுட வச்சு கிண்ணத்துல மேல ஊத்தறேன். மக்சிக் குக்கர்லயே ஊத்துறாங்க, எண்ணெய் மிதந்தாத்தான் ருசியாம். சீசன்ல அதுலயே ரெண்டு சுளை டுரியானும் போடுவாங்களாம்.

டுரியான் சீசன் வரட்டும், அதையும் போட்டுப் பாத்துட வேண்டியதுதான். மறுநாள் அந்தக் குக்கர்ல ஆக்கின சோத்தை எங்க வீட்டுக்காரர் சாப்பிட மாட்டேன்னா, நீங்க யாராவது வந்து பேசுங்க.